வில்லங்கச் சான்றில் வராத அத்தை

"ஈ.சி. போட்டுப் பார்த்தாச்சு சார், சுத்தமா இருக்கு. நீங்க லீகல் ஒப்பினியன் மட்டும் குடுத்துட்டா அடுத்த வாரம் பத்திரம்."

2025-இல் ஒரு திங்கட்கிழமை காலையில், தரகர் இப்படிச் சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் கவரை வக்கீலான என் மேஜையில் வைத்தார். பின்னால் வாங்கப்போகிற தம்பதி நின்றார்கள். கணவர் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறார், மனைவிக்குப் பிறந்த ஊர் குடியாத்தம். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் 33 சென்ட் புஞ்சை, சென்ட் ஒன்றரை லட்சம். ஐம்பதாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சர்வே எண்ணையும் ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கவரில் இருந்தவை நான்கு. விற்பவர் பெயரில் கணினிப் பட்டா. 1995 முதல் 30 வருடத்துக்கான வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி. 2014-இல் விற்பவரின் அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டு அவருக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். 2011-இல் இறந்த அவர் அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் ஒன்றாகப் பின் அடித்து. வில்லங்கச் சான்றில் மூன்றே பதிவுகள்: 2014 விடுதலை, 2016-இல் ஒரு வங்கிக்குப் பத்திரம் ஒப்படைத்து வாங்கிய கடன், 2021-இல் கடன் தீர்ந்த ரசீது. தரகர் சொன்னது சரிதான், பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

பொதுவாக இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் ஆரம்பிக்கும். வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில், நாம் கேட்ட சர்வே எண்ணில், நாம் கேட்ட காலத்தில், யார் யார் பத்திரம் பதிந்தார்கள் என்ற பட்டியல். பத்திரம் பதியாமல் ஒருவருக்குச் சொத்து சேர்ந்தால் அது அங்கே வராது. நம் ஊரில் சொத்து கைமாறுவது பெரும்பாலும் சாவில்தான். ஒருவர் கண்ணை மூடிய அந்த நிமிடமே அவர் பங்கு வாரிசுகளிடம் போய்விடுகிறது, யாரும் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை. உயில் எழுதிப் பதிந்திருந்தாலும் அது 3-ஆம் புத்தகத்தில் போய்விடும், ஈ.சி.யில் எட்டிப் பார்க்காது. கோர்ட்டில் நடக்கும் பாக வழக்கும் அப்படித்தான், யாராவது அதைப் பதிவு செய்திருந்தால் ஒழிய.

சரி, விற்பவருக்குச் சொத்து அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு எப்படி வந்தது என்று விற்பவரையே கேட்டேன்.

"தாத்தா சொத்து சார். அப்பாவும் பெரியப்பாவும் பாதிப் பாதி பிரிச்சிக்கிட்டாங்க."

"பாகப் பத்திரம் இருக்கா?"

"கூர்சீட்டு, பதியாம அவங்களே எழுதிக்கிட்ட பிரிவினைச் சீட்டு. பெரியப்பா வீட்டுல இருக்கும்."

"தாத்தாவுக்கு வாரிசுச் சான்று?"

"அது வாங்கவே இல்ல சார். எதுக்கு? பட்டா மாறிடுச்சே."

தாத்தா வாங்கிய அரைக் காணி

பழைய காலத்துக்குத் தனியாகத் தேடல் மனு போட்டேன். விற்பவரின் பட்டாவில் இருப்பது 218/2பி. அந்த உட்பிரிவு எண் பிறந்ததே 1990-களின் கடைசியில். அதற்கு முந்தைய பத்திரங்கள் எல்லாம் 218/2 என்ற தாய் எண்ணில் கிடக்கும். கவரில் இருந்த ஈ.சி. 218/2பி-க்கு மட்டும் கேட்டு வாங்கியது. பாதி ஊர் ஏமாறுவது இந்த ஒரு எழுத்தில்தான்.

218/2 என்று 1950-இலிருந்து தேடியதில் மேலும் மூன்று பதிவுகள் கிடைத்தன. முதலாவது 1958-இல் தாத்தா வாங்கிய கிரயம். சான்றிட்ட நகல் வாங்கிப் படித்தேன். "வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா" என்று தொடங்குகிறது. அந்த ஜில்லா 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு இந்தப் பாதிக்கு வேலூர் என்று பெயர் வந்தது. 2019-இல் அதுவும் மூன்றாகி, பக்கத்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விஸ்தீரணம் 50 குழி, அதாவது அரைக் காணி. நம் பக்கத்துக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. 50 குழிக்கு 28,800 சதுர அடி, 66 சென்ட் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி வேறு, அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் நிலம் கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

அந்தப் பத்திரத்தில் எனக்கு வேண்டியிருந்த வரி வேறு: "நான் லுங்கி வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு" வாங்குவதாகத் தாத்தா சொல்லியிருந்தார். ஆக, இது சுயார்ஜிதம். இந்த ஒரு வார்த்தையில் கேஸே திரும்பியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, 1967-இல் தாத்தா நிலத்தை ஒப்படைக்காமல் அதன் பேரில் எழுதிக் கொடுத்த சுவாதீனமில்லா அடமானம். தீர்ந்ததற்கு ரசீது பதிவாகவில்லை. பார்த்ததும் தரகருக்கு முகம் மாறிவிட்டது. இதில் பயம் இல்லை. அந்த மாதிரி அடமானத்தில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட 12 வருடம்தான், கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு வரி எழுதிவிட்டு மேலே போனேன்.

மூன்றாவது, 2004-இல் பெரியப்பா தன் வடபாதியை வெளியாள் ஒருவருக்கு விற்ற கிரயம். நமக்குச் சம்பந்தமில்லாத பக்கத்து நிலம். ஆனாலும் நகல் வாங்கினேன். பக்கத்து நிலத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், நம் நிலத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் அடிபட்டுக் கற்றது. இருந்தது ('ஷை' என்றால் மேற்படி): "ஷை தென்பாதி நிலத்தின் மேற்கு ஓரம் 10 அடி அகல வண்டிப் பாதையில் போகவர பாத்தியம் உட்பட."

சாலை தெற்கே இருக்கிறது. வடபாதிக்காரர் சாலைக்கு வர வேண்டுமானால் நம் 33 சென்ட்டின் மேற்கு ஓரமாகத்தான் வர முடியும். விற்பவரின் எந்தக் காகிதத்திலும் இந்தப் பாதை இல்லை. சர்வே வரைபடமான புலப்படத்திலும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால் வேலி ஓரமாக டிராக்டர் தடம் பளிச்சென்று தெரிகிறது. நிலம் 120 அடிக்கு 120 அடி. பாதைக்கு 1,200 சதுர அடி போகும், இரண்டே முக்கால் சென்ட். வாங்குபவரின் மனைவி அந்த மேற்கு ஓரத்தில்தான் கிணறு வெட்டத் திட்டம் போட்டிருந்தார்.

பட்டாவில் இருந்த பரப்பு 0.13.00 ஹெக்டேர். சென்ட்டில் 32-க்குச் சற்று மேல். பத்திரத்தில் 33, பட்டாவில் 32. இவ்வளவு வித்தியாசம் எங்கும் சகஜம். பத்திரம் பழைய கணக்கு, பட்டா சர்வேக்காரர்கள் அளந்த கணக்கு. குறைவான எண்ணுக்குத்தான் காசு கொடுங்கள் என்று சொன்னேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் ரயத்துவாரி புஞ்சை, அதாவது தனியார் நிலம், என்றே இருந்தது. பஞ்சமி நிலம் இல்லை, கோயில் நிலமோ வக்ஃப் நிலமோ இல்லை. 3-ஆம் புத்தகத்தில் தாத்தாவின் உயில் எதுவும் இல்லை. இந்தப் பெயர்களில் வழக்கும் இல்லை.

இருபது ரூபாய் முத்திரைத்தாள்

கூர்சீட்டைப் பார்க்கக் குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தகரப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். 1996 தேதி, இருபது ரூபாய் முத்திரைத்தாள், பின்னால் இரண்டு வெள்ளைத்தாள். நீல மை சில இடங்களில் வெளுத்து ஊதா ஆகியிருந்தது. மூன்று கையொப்பங்கள்: பெரியப்பா, விற்பவரின் அப்பா, பாட்டியின் இடதுகைப் பெருவிரல் ரேகை. சாட்சிகள் இருவர்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் இந்த வரி: "நமது சகோதரிக்கு 1982-ஆம் வருஷத்திலேயே சீர் செய்து கல்யாணம் செய்து கொடுத்துவிட்டபடியால் ஷை சொத்தில் அவளுக்கு யாதொரு பாத்தியமும் இல்லை."

சகோதரியின் கையெழுத்து எங்கும் இல்லை.

விற்பவரைப் பார்த்தேன். "அத்தை ஒருத்தங்க ஆம்பூர்ல இருக்காங்க சார். அவங்களுக்குத்தான் இல்லன்னு எழுதியிருக்கே?" அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் முப்பது வருடமாக எல்லோரும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள்.

தாத்தா 1991-இல் உயில் எழுதாமல் இறந்தார். சொத்து அவர் சுயமாகச் சம்பாதித்தது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி அவர் மனைவி, இரண்டு மகன்கள், மகள் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா, சீர் செய்தார்களா என்ற கேள்வியே சட்டத்தில் கிடையாது. 2003-இல் பாட்டி இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. கூட்டினால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. ஆக 66 சென்ட்டில் அத்தைக்கு 22 சென்ட். ஒரு மூலையில் அளந்து கொடுத்த 22 சென்ட் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு அடி மண்ணிலும் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிக்காத கூட்டுரிமை என்றால் இதுதான்.

தரகர் விடவில்லை. "1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கிடையாது சார். எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம்."

எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான், தெரிந்த இடம் மட்டும் தப்பு. அந்தத் தேதி பூர்வீகச் சொத்துக்கு உரியது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு வரும் உரிமை முன்பு மகன்களுக்கு மட்டும் இருந்தது. தமிழ்நாடு அதை மகள்களுக்கும் கொடுத்தபோது, 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா சுயமாக வாங்கிய சொத்துக்கு இந்தத் தேதிகளில் எதுவுமே பொருந்தாது. அங்கே மகளும் மகனும் 1956-இலிருந்தே சமம்.

ஒரு வாதத்துக்குப் பூர்வீகம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தாத்தாவின் சொந்தப் பங்கில் மகளுக்குக் கால் பங்கு வரும், மொத்தத்தில் பன்னிரண்டில் ஒன்று. எந்தக் கணக்கில் போட்டாலும் அத்தைக்குப் பூஜ்யம் வராது.

பெரியப்பா எழுந்துபோய் 1958 பத்திரத்தின் அசலைக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ளவும்னு போட்டிருக்கு பாருங்க. புத்திரன்னா ஆம்பளப் புள்ளதானே?" எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று பத்திரம் எழுதுபவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்து வரும் வாய்பாட்டின் ஒரு துண்டு அது. அந்த வரியால் வாரிசு உரிமை வருவதும் இல்லை, போவதும் இல்லை.

கூர்சீட்டிலேயே இன்னொரு கோளாறு. "முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறோம்" என்று இருந்தால் பதிய வேண்டியதில்லை. இதில் "இன்றைய தினம் இதன்மூலம் பிரித்துக்கொண்டோம்" என்று இருந்தது. அப்படி எழுதினால் பதிவு கட்டாயம். பதியாததால் பாகம் நடந்தது என்று நிரூபிக்க இதைக் கோர்ட்டில் காட்ட முடியாது. யார் எந்தப் பக்கத்தை அனுபவித்தார்கள் என்பதற்கு வேண்டுமானால் கொஞ்சம் கைகொடுக்கும். வண்டிப் பாதையும் இதில் எழுதியிருந்தது, அது ஒரு பிரயோஜனம்.

"பட்டா எப்படி சார் மாறிச்சு அப்போ?" என்று வாங்குபவரின் மனைவி கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கூர்சீட்டைக் காட்டித்தான் மாறியிருக்கிறது. பட்டா வருவாய்த் துறை தன் கணக்குக்காக வைத்திருக்கும் பெயர். நிலம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லும். யாருக்கு உரிமை என்று அதனால் தீர்மானிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. "பேங்கே லோன் குடுத்திருக்கு" என்பது விற்பவரின் கடைசிச் சீட்டு. அந்த லோனுக்கு லீகல் பார்த்தவர் முன்னாலும் இதே நான்கு காகிதங்கள்தான் இருந்திருக்கும்.

தங்கையின் பதினாறு வயது

2014 விடுதலைப் பத்திரத்திலும் ஒரு சங்கதி. அப்போது விற்பவரின் தங்கைக்கு வயது 16. அவருக்காக அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். மைனரின் நிலத்தை இயற்கைக் காப்பாளர் கைமாற்றக் கோர்ட் அனுமதி வேண்டும், இங்கே வாங்கவில்லை. அதற்காகப் பத்திரம் அடியோடு செல்லாது என்று ஆகிவிடாது. மைனர் வயதுக்கு வந்து மூன்று வருடத்துக்குள் ஆட்சேபித்து ரத்து செய்யக் கேட்கலாம், அவ்வளவுதான். அவருக்கு 2016-இல் 18 ஆனது, 2019-இல் கெடு முடிந்தது.

இதை விட்டிருக்கலாம். ஆனாலும் தங்கையும் புதுக் கிரயத்தில் கையெழுத்துப் போடட்டும் என்று எழுதினேன். ஒரு கையெழுத்துக்கு ஆகும் செலவு சொற்பம், வழக்கு வந்தால் பத்து வருடம். வேலூரில் இருக்கும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டார்.

ஆம்பூர்

அத்தை வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டியதில்லை, நான் வாங்குபவரின் வக்கீல். விற்பவர் தனியாகப் போகத் தயங்கினார், அதனால் கூடப் போனேன். அறுபது வயது தாண்டிய அம்மா. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். அழுவார், பழைய கதை பேசுவார், திட்டுவார் என்று விற்பவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அவர் முதலில் கேட்டது இதைத்தான்:

"சென்ட்டு இன்னா வெலைக்கு விக்கற?"

விற்பவர் சொன்னார். கீரையை முறத்தில் போட்டுவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் கணவர் ஷூ கம்பெனியில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர், உள்ளேயிருந்து வந்து நின்றார். அப்புறம் அத்தை சொன்னார்: "எங்க நைனா அந்த நெலத்த வாங்குனப்போ நான் பொறக்கவேயில்ல. ஆனா அதுல களை எடுத்திருக்கேன். உங்கப்பன் எடுத்தானான்னு கேளு."

அவருக்கு நான் வக்கீல் இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்னேன். உங்கள் பங்கு மூன்றில் ஒன்று, வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள் என்றேன். இதைச் சொல்லும்போது விற்பவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவர் நினைத்து வந்தது, ஐம்பதாயிரமும் ஒரு பட்டுப் புடவையும் கொடுத்தால் முடிந்துவிடும் என்று.

மூன்று வாரம் இழுத்தது. பாதைக்குப் போகும் இடத்துக்குப் பாதி விலை என்று பேசி மொத்தக் கிரயம் 46 லட்சத்துக்கு வந்திருந்தது. அதில் மூன்றில் ஒன்று என்றால் 15 லட்சத்துக்கு மேல். அத்தை முதலில் முழுசும் கேட்டார். வடபாதியை விற்ற பணத்தில் தம்பி குடும்பத்துக்கு ஒரு பைசா வரவில்லை என்று விற்பவரின் அம்மா ஒரு பக்கம் மூக்கைச் சிந்தினார். கடைசியில் 9 லட்சம். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை.

பணத்தை வாங்கிக்கொண்டு தனியாக விடுதலை எழுதட்டும் என்று தரகர் சொன்னார். நான் ஒப்பவில்லை. அத்தை, விற்பவர், அவர் அம்மா, தங்கை நால்வரும் விற்பவர்களாகவே சேர்ந்து ஒரே கிரயப் பத்திரம். பெரியப்பா சம்மதிக்கும் பார்ட்டியாக. கூர்சீட்டு செல்லாது என்று வைத்தால் அவருக்கும் இந்தப் பாதியில் பங்கு இருக்கிறதே. முன்வரலாற்றில் 1958, 1991, 2003, 2011 எல்லாவற்றையும், யார் இறந்தார் யார் வாரிசு என்று வரிசையாக எழுதினோம். 10 அடிப் பாதையையும் ஒளிக்காமல் எழுதினோம்.

வாங்குபவர்கள் பக்கம் ஒரு பேச்சு பாக்கி இருந்தது. "ரெண்டு பேர் பேருலயும் போட்டுடுங்க சார், ஒருத்தருக்கு ஒண்ணு ஆனா இன்னொருத்தருக்கு வந்துடும்ல" என்றார் கணவர். பாங்கு ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், எல்லோருமே. நிலத்தில் அப்படி இல்லை. இருவர் பெயரில் வாங்கினால் அவரவர் பங்கு அவரவருக்கு, ஒருவர் போனால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். கணவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சமபங்கு. பங்கு இவ்வளவு என்று எழுதாமல் விட்டால், யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்ற கணக்கு வரும். அதுவும் தெரியாவிட்டால் சமம். மனைவி தன் நகையை விற்று 12 லட்சம் போட்டிருந்தார். பாதிப் பாதி என்றே எழுதச் சொன்னார்கள், எழுதினேன். தனித்தனியாக உயில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சரி என்றார்கள், இதுவரை எழுதவில்லை.

பதிவு அன்று முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 4 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய். போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். அத்தை தன் ஆதாரைச் சுருக்குப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தார்.

"ஏன் தம்பி, அந்தாண்ட பாதிய எங்க அண்ணன் வித்தானே, அதுல என் பங்கு?"

அதிலும் அவருக்கு மூன்றில் ஒன்று இருந்தது. ஆனால் 2004-இல் வாங்கியவர் இருபது வருடமாக வேலி போட்டு, போர் போட்டு அனுபவிக்கிறார். 12 வருட எதிரிடை அனுபவம், அதாவது தன் நிலமாகவே இத்தனை வருடம் அனுபவித்ததால் உரிமை வந்துவிட்டது என்று அவர் வாதாடலாம், கூட்டுப் பங்காளியின் இடத்தில் நிற்பவருக்கு அது சுலபத்தில் கிடைக்காது என்று இவர் வாதாடலாம். பெரியப்பா நாலடி தள்ளி டீக்கடையில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு வேற வக்கீலப் பாருங்கம்மா. சீக்கிரம் பாருங்க" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸுக்கு நடந்தார்.